ஒரு நாள் பேச்சு போதாது

சிங்கப்பூரின் மேற்கே பூன் லே என்றோர் இடம் உண்டு. சூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரால் வழங்கும் இடம் அது. 1933இல் காலமான அவருக்கு ஜூரோங் வட்டாரத்தில் பெருநிலம் இருந்தது. அதில் முதலில் மிளகும் பின்னர் ரப்பரும் பயிராயின. 1961இல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை அமைக்கும் வேலை தொடங்கிற்று. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் ஏற்பட்டது. பால்மரம் நின்ற மண்ணில் இன்று தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. மரம் போயிற்று. அங்கே உழைக்க வரும் தமிழன் போகவில்லை.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்குப் பூன் லேயில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். ஜோகூர்த் தோட்டங்களில் லயத்துக்கு லயம் விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் மகன், அடுத்த வீட்டில் மருமகன், அதற்கடுத்த வீட்டில் மகள் என்று விடியுமுன் பஸ் ஏறிப் பாலம் கடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். தகப்பன் பிரட்டுக்குப் போகும் நேரத்தில் மகன் குடிநுழைவு வரிசையில் நிற்கிறான். தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவன் புதுக்கோட்டைக்காரனாகவோ இராமநாதபுரத்துக்காரனாகவோ இருக்கிறான். ஆகவே பூன் லேயின் கவலை நம் கவலைதான்.

சென்ற அக்டோபர் மாதத்துக்குப் பிறகு அங்கே வேலை செய்யும் தோழர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். அவருடைய பெயரையும் கம்பெனியின் பெயரையும் நாம் எழுதப் போவதில்லை; எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. அக்டோபர் 10ஆம் தேதி உலக மனநல நாள் என்று 1992 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அதையொட்டி அவருடைய கம்பெனியில் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு நடந்ததாம். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். ஆளுக்கொரு பனியனும் ஒரு துண்டுத்தாளும் கொடுத்துப் படமும் பிடித்துக்கொண்டார்களாம். மறுநாள் அதே சூப்பர்வைசர், அதே வாய், அதே ஓவர்டைம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். ஆனால் பேச்சின் முடிவில் யாருக்காவது மனக்கஷ்டம் இருந்தால் கை தூக்கலாம் என்று கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதமாய்த் தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருந்த அவருடைய அறைத்தோழன் அவருக்குப் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தானாம்.

அவன் ஏன் கை தூக்கவில்லை? நிர்வாகத்தின் முன்னால், நூறு பேர் பார்க்க, தனக்கு மனம் சரியில்லை என்று எவன் சொல்வான்? வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கிறது. முதலாளி நினைத்தால் அதை ரத்துச் செய்யலாம். ஊரில் ஏஜண்டுக்குக் கொடுத்த கடன் வட்டியோடு நிற்கிறது. சிங்கப்பூர் ஏஜண்டு வாங்கும் கட்டணத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருப்பது உண்மை. ஊரில் கைமாறிய பணத்துக்கு அந்த வரம்பு எட்டுவதில்லை. அந்தக் கடன் தலைமேல் இருக்கும்வரை அவன் வாய் திறக்கமாட்டான். தீபாவளிக்கு ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ஆண்டு முழுதும் உடம்பு சுத்தமாய் இருக்குமா? இந்த ஒரு நாள் பேச்சும் அப்படித்தான்.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது நியாயமாகாது. நம் தோட்டங்களில் யாராவது நிலை தடுமாறிப் பேசினால் நாம் என்ன செய்தோம்? “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு” என்றோம். ஜோகூர்க்காரர்கள் “தம்போய்” என்றார்கள். சிங்கப்பூரில் “உட்பிரிட்ஜ்” என்றார்கள். 1911இல் திறந்த ஆஸ்பத்திரியின் பெயர் ஒன்று, 1928இல் திறந்த ஆஸ்பத்திரியின் பெயர் ஒன்று என்று எல்லாமே நம் வாயில் வசைச் சொல்லாகிவிட்டன. உட்பிரிட்ஜ் 1993இல் மனநலக் கழகம் என்று பெயர் மாறிப் புதிய இடத்துக்குப் போய்விட்டது. நம்மவர் வாய் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

மனநோய் என்று நம் ஜனங்கள் சொல்வதுமில்லை. நெஞ்சு அடைக்கிறது என்பார்கள். தலை கனக்கிறது, கை கால் அசதி, சோறு இறங்கவில்லை என்பார்கள். டிரஸ்ஸர் தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். பல நாள் தூங்காத கை உளியைப் பிடிக்கும்போது பட்டையில் காயம் விழும். காயம் விழுந்தால் மண்டோர் ஏசுவார். ஏச்சுக்குப் பயந்து அடுத்த நாள் பிரட்டுக்கு வராமல் இருப்பான். வராதவன் பெயருக்கு நேரே செக்ரோலில் ஒரு கோடு விழும். ஊரார் வாயில் சோம்பேறி என்ற பட்டம் விழும். பிறகு கள்ளுக்கடைதான் வைத்தியசாலை. இந்தப் பாதையில் போனவர்களை நமக்கெல்லாம் தெரியும். சிலருடைய பிள்ளைகள் இந்தப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் 1941ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறோம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு அது. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தோம். சம்பளம் ஒரு கோரிக்கை. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது ஒன்று. பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவ வசதி, நம் பெண்களிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது ஆகியவையும் இருந்தன. துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. நாதன் கைதானார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

சைக்கிளை விட்டு இறங்குவதால் கூலியில் ஒரு காசும் குறைவதில்லை. அப்படியிருந்தும் அதற்காக நம்மவர் வேலையை நிறுத்தினார்கள். நாள்தோறும் படும் அவமானம் மனிதனை உள்ளே அரித்துவிடும் என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பு நடத்தாமலே தெரிந்திருந்தது. மனநலம் என்ற சொல் அந்தக் காகிதத்தில் இல்லை. ஆயினும் மலாயாத் தோட்டத் தொழிலாளர் எழுதிய முதல் மனநலத் திட்டம் அதுதான் என்பது நம் கருத்து. மூச்சுப் பயிற்சியை அவர்கள் கேட்கவில்லை. வேலையும் வேலை வாங்கும் விதமும் மாற வேண்டும் என்று கேட்டார்கள்.

2022 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வேலையிடத்து மனநலம் பற்றி வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. அதையொட்டி சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கொள்கைக் குறிப்பையும் வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன, அதன் நஷ்டம் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். முதலாளிமாருக்கு எளிதில் புரியும் பாஷை இது. நமக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வேலைப்பளு, வேலை நேரம், கொடுமைப் பேச்சு ஆகிய காரணங்களை வேலையிடத்திலேயே சரிசெய்ய வேண்டும், மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், தொழிலாளிக்குத் தனிப்பட்ட உதவியும் வேண்டும் என்று அந்த நெறிகள் சொல்கின்றன. கம்பெனிகள் செய்வதோ, கடைசியில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிடுவது.

சிங்கப்பூரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். 2020ஆம் ஆண்டு அவர்களை உலுக்கிவிட்டது. அந்த ஏப்ரலில் கொரோனாவால் முதலில் அடைக்கப்பட்ட இரு தங்குவிடுதிகளில் ஒன்று தோ குவானில் இருந்தது. பூன் லேயிலிருந்து சில ரயில் நிலையங்கள் தள்ளித்தான். இரண்டிலுமாக ஏறத்தாழ 20,000 பேர் அறைக்குள் அடைபட்டார்கள். விரைவில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட விடுதித் தொழிலாளரின் நிலையும் அதுவாயிற்று. வேலைக்குப் போக விட்டார்கள்; கடைத்தெருவுக்குப் போக நெடுநாள் விடவில்லை. 2021 செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேர் மட்டும் என்று பரீட்சார்த்தமாக லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனார்கள். ஒன்றரை ஆண்டுக்குப் பின் கோயில் கோபுரத்தைக் கண்ணால் கண்டவனுடைய மனநிலையை எந்தத் துண்டுத்தாள் விளக்கும்?

நம் பக்கத்துப் பிள்ளைகள் பட்ட பாடும் குறைந்ததல்ல. 2020 மார்ச் 18ஆம் தேதி எல்லை அடைபட்டது. பாலத்துக்கு அப்பால் நின்றவர்கள் அப்பாலே நின்றார்கள். அந்த ஆகஸ்டில் ஓர் ஏற்பாடு வந்தது. மூன்று மாதமாவது அங்கேயே தங்கி வேலை செய்த பிறகுதான் வீட்டுக்கு விடுப்பு. 2021 நவம்பர் 29ஆம் தேதி தடுப்பூசி போட்டவர்களுக்குப் பஸ் விட்டார்கள். 2022 ஏப்ரல் முதல் தேதிதான் பாலம் பழையபடி திறந்தது. வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் ஊருக்குத் தாயின் சாவுக்கும் வர முடியாமல் போனவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அதைப் பற்றி இன்றுவரை யாரும் அவர்களை உட்காரவைத்துக் கேட்கவில்லை. சயாம் ரயில்பாதையிலிருந்து திரும்பிய தாத்தாமார்களையும் நாம் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போது நினைவுக்கு வருகிறது.

2020 நவம்பரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சும், தேசிய தொழிற்சங்கக் காங்கிரசும், முதலாளிகள் சம்மேளனமும் கூடி வேலையிட மனநலம் பற்றி ஓர் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டன. தொழிலாளிக்கு ஆலோசகர் வசதி, சக தொழிலாளிகளே துணை நிற்கும் ஏற்பாடு, வேலை நேரத்துக்குப் பின் தொந்தரவு செய்யாதிருப்பது, நோயுற்றுத் திரும்பியவனை ஏற்றுக்கொள்வது என்று நல்ல யோசனைகள் அதில் உண்டு. ஆனால் அது ஆலோசனை. செய்யாதவனுக்குத் தண்டனை இல்லை. 2021இல் ‘ஐ-வொர்க்-ஹெல்த்’ என்ற இலவசக் கேள்வித்தாளும் வந்தது. தொழிலாளிகள் பதில் எழுதலாம். கம்பெனிக்குத் தொகுப்புக் கணக்குத்தான் போகும், எவன் என்ன எழுதினான் என்பது போகாது. இது மெச்சத்தக்க ஏற்பாடு. வெளிநாட்டுத் தொழிலாளருக்காக 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் என்னும் தொண்டு அமைப்பு, அவரவர் மொழியில் ஆறுதல் ஆலோசனை கொடுத்து வருகிறது. 2025 ஜனவரியில் பணியிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. மனநிலையைக் காரணம் காட்டி ஒருவரை வேலையில் வஞ்சிப்பதை அது தடுக்கிறது. 2027 முடிவில் நடைமுறைக்கு வருமாம். ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கம்பெனிகளுக்கு முதல் ஐந்தாண்டுகள் விலக்கு. நம்மவர் பலர் வேலை செய்வது அப்படிப்பட்ட சிறு கம்பெனிகளில்தான்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கும் சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் தேதியில் நீக்கிவிட்டது. மலேசியா 2023இல் நீக்கிற்று. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைத்த காலம் போய்விட்டது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிவிக்க வேண்டும்.

இனி, ஆண்டு முழுவதற்குமான திட்டம் எப்படி இருக்க வேண்டும்? தொழிலின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் அதை அமைக்க வேண்டும். பால்மரத்துக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. பிப்ரவரி முதல் மரம் இலை கொட்டுகிறது, பால் குறைகிறது, சம்பளம் குறைகிறது, கடைக்காரர் புத்தகத்தில் கடன் ஏறுகிறது. ஆண்டின் கடைசியில் மழை. விடியற்காலை எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு வெட்டில்லை என்று திரும்பி உட்கார்ந்துகொள்ளும் நாட்கள் வரிசையாய் வரும். வீட்டுச் சண்டையும் குடியும் அந்த வாரங்களில்தான் அதிகம் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் யாரும் மறுக்கமாட்டார். பள்ளி திறக்கும் மாதம் தாய்மாருக்கு நெருக்கடி மாதம். இந்த மாதங்களில் ஆலோசகர் தோட்டத்துக்கு வரவேண்டும். முன்பணம் வட்டியின்றிக் கிடைக்க வேண்டும். கையில் காசு புழங்கும் மாதத்தில் வந்து பேசிவிட்டுப் போனால் யாருக்குப் பயன்?

பூன் லேயின் பஞ்சாங்கம் வேறு. ஆர்டர் குவியும் மாதங்களில் ஓவர்டைம் ஏறும். மாதத்துக்கு 72 மணி என்று சட்டத்தில் வரம்பு உண்டு. அந்த வரம்பு ஏட்டில் இருக்கிறதா, நேரக் கணக்கிலும் இருக்கிறதா என்பதைச் சங்கம் அந்த மாதத்திலேயே பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலை மூடும்போது விடுதியில் இருப்பவனுக்கு வேலையுமில்லை, வீடுமில்லை. பொங்கலும் தீபாவளியும் ஊர் நினைவை வாட்டும். பெர்மிட் புதுப்பிக்கும் தேதி நெருங்கினால் தூக்கம் போகும். ஆகவே புதுப்பிப்பு உண்டா இல்லையா என்பதை இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுவது மூச்சுப் பயிற்சியைவிட நல்ல மருந்து. வேலையிடத்தில் விபத்து நடந்தால் அடிபட்டவனோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் நடந்த வெடிவிபத்தில் மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். அத்தகைய காட்சியைக் கண்ணால் கண்டவர்களை மறுநாளே இயந்திரத்துக்கு முன் நிறுத்தலாகாது. அதற்குப் பண்டிகை நாள் பார்த்துக் காத்திருக்க முடியாது.

சிறு கம்பெனிகள் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லும். ஒரே தெருவில் பத்துக் கம்பெனிகள் இருக்கின்றன; கூடி ஒரு தமிழ் தெரிந்த ஆலோசகரை வைத்துக்கொள்ளட்டும். தோட்டங்களும் அவ்வாறே ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்று ஏற்பாடு செய்யலாம்.

கிராணிமாருக்குச் சில வார்த்தை. தோட்டத்தில் இடி படுவோரில் நீங்களும் உண்டு. மேலே நிர்வாகம், கீழே தொழிலாளி. இரு பக்கமும் உங்களை எதிர்ப்பக்கத்தின் ஆள் என்றே எண்ணுகின்றன. உங்களுக்கும் இந்தத் திட்டத்தில் சம இடம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. உங்கள் கையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்டோர் சாவி. இலங்கையில் 1995ஐ ஒட்டித் தற்கொலை மிக அதிகமாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளையும் களைமருந்துகளையும் ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த 20 ஆண்டில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. மலேசியாவும் பாராகுவாட் மருந்தை 2020 முதல் தடைசெய்திருக்கிறது. எஞ்சிய மருந்துகள் பூட்டுக்குள் இருக்கட்டும். கணக்கு எழுதிக் கொடுத்து, மிச்சத்தை அன்றே திரும்ப வாங்குங்கள். லயத்து வீட்டுக்குள் ஒரு போத்தலும் போகக் கூடாது. ஆத்திரமும் துயரமும் உச்சிக்கேறும் நேரம் பெரும்பாலும் சிறிது. அந்த நேரத்தில் கைக்கெட்டாதது ஓர் உயிரைக் காக்கும்.

இன்னொன்று செக்ரோலும் ஆட்களின் கோப்பும். ஆலோசகரிடம் ஒருவர் போனார் என்ற செய்தி அவற்றில் ஒரு வரியாகவும் இடம்பெறக் கூடாது. போன நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாகாது. அவரை வேலை நீக்கவோ, பெர்மிட்டை ரத்துச் செய்யவோ, வேறு வெட்டுக்கு மாற்றவோ அதைக் காரணமாக்கக் கூடாது. ஆலோசகர் நிர்வாகத்தின் கீழ்ச் சம்பளக்காரராக இருக்கலாகாது. செலவு முதலாளியுடையது, பதில் சொல்வது தொழிலாளரும் நிர்வாகமும் சரிபாதியாக உள்ள கமிட்டிக்கு. மண்டோர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஆண்டில் இருமுறை பயிற்சி. ஏச்சுப் பேச்சு பற்றிய புகாரைச் சம்பளப் புகாரைப் போலவே எழுதி வாங்கி விசாரிக்க வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இவை ஷரத்துகளாக வைக்கப்பட வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். சங்கமும் இதுவரை விளையாட்டுப் போட்டி, விருந்து என்பதோடு நின்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஷரத்து வரும்வரை காத்திராமல் பேச வழிகள் உண்டு. சிங்கப்பூரில் இருப்போர் 1767 என்ற எண்ணிலும், 2025இல் தொடங்கிய 1771 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். மலேசியாவில் 1970 முதல் பிஃபிரெண்டர்ஸ் என்போர் தொண்டு செய்கின்றனர். சுகாதார அமைச்சின் எண் 15555. இந்த எண்களைக் கிளைச் செயலாளர்கள் பிரட்டுக் களத்திலும், ஆயாக்கொட்டகையிலும், பாலம் கடக்கும் பிள்ளைகள் பஸ் ஏறும் இடத்திலும் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் எந்த மாதங்கள் மிகவும் கடினமானவை, ஏன் கடினமானவை என்பதைத் தொழிலாளரைக் கேட்டு எழுதி, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் நமது காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். பெண்களைத் தனியே கேளுங்கள்; ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவர்கள் சொல்லமாட்டார்கள். பூன் லேயில் வேலை செய்யும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீடு வரும்போது அவர்களையும் கேட்டு எழுதுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை.